பேங்க் ஆள் சாப்பிட்ட இலை

மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு வாய்க்குப் போய்க்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

அதுவரை கூடம் இருட்டாக இருந்தது. சுவரோரம் ஒரு குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. கதவு திறந்ததும் மாலை வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலில் ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் சிரித்தேன். விருந்துக்கு வந்தவன் சிரிக்கத்தானே வேண்டும்? "செடாப்!" என்று மலாயில் சாப்பாட்டைப் புகழ்ந்தும் வைத்தேன்.

பதிலுக்கு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெண் தலையில் கை வைத்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

கையில் இருந்த சோற்றை இலையில் திரும்ப வைப்பதா, வாயில் போட்டுக்கொள்வதா? எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டேன். குழம்பிய நேரத்தில் நான் சரியான முடிவு எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது.

போன வாரம் நான் இங்கே எழுதிய, ஆற்றோரத் தடுப்புச் சுவர் கட்டிய கதையைப் படித்த ஒரு வாசகர், "இஞ்சினியராக இருந்த நீங்கள் வங்கிக்கு ஏன் போனீர்கள்?" என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். சம்பளம் என்று சிலரிடம், முன்னேற்றம் என்று சிலரிடம். ஒருமுறை என் மகனிடம் 'தேசப்பற்று' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அத்தனையும் பொய். உண்மையான பதில் மலாக்காவின் காஜா பேராங்கில் அந்த இருட்டுக் கூடத்தில் இருக்கிறது.

இரும்புப் பெட்டி எடுத்த வேலை

சுதந்திரத்துக்கு முந்தைய மாதங்களில் மலாயாவில் எல்லோரும் நாற்காலி மாறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார்கள் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். குமாஸ்தா அதிகாரி ஆனார், அதிகாரி பெரிய அதிகாரி ஆனார். காப்பிக் கடையில் யாரைப் பார்த்தாலும் அடுத்து யார் எங்கே என்பதுதான் பேச்சு.

நான் அரசாங்க இலாகா ஒன்றில் இளநிலை இஞ்சினியர். எங்கள் துரையும் கப்பல் ஏறப் போகிறார், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று மலாக்கா டவுனே பேசிக்கொண்டது. என் அப்பா ரயில்வேயில் 'சிக்னல்' பார்த்தவர். 'கவர்மெண்ட் உத்தியோகம்' என்பதைச் சாமி பெயர் சொல்வதுபோலச் சொல்வார். கோலாலம்பூரில் என்னைத் தொழில்நுட்பம் படிக்க வைக்க அவர் பட்ட பாட்டை முன்பே எழுதியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில் டவுனின் பண்டார் ஹிலிர் பகுதியில் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வங்கி திறந்தார்கள். பழைய கட்டடம், பலகைத் தளம். அதன்மேல் பெரிய இரும்புப் பெட்டியை வைத்தால் தளம் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல இலாகாவிலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் பார்த்தேன், தட்டினேன், குனிந்து உத்தரத்தைக் குத்தினேன். "தாங்காது. கீழே செங்கல் தூண் கட்டுங்கள்," என்றேன்.

மேலாளர் மிஸ்டர் டான் என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். பொறுமை என்பதே தெரியாத மனிதர். "நல்லா பாக்குறே லா. இங்கேயே வேலைக்கு வர்றியா? கடன் கேக்குறவங்க வீடு, கடை, ரப்பர் புகைக்கூடம் எல்லாம் பாத்துச் சொல்லணும்," என்றார்.

"வர்றேன்," என்றேன்.

ஏன் சொன்னேன்? சத்தியமாகத் தெரியாது. தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வெயிலில் அலைந்த மனுஷன் அதில் மயங்கிவிட்டார் என்று என் மனைவி ராஜம் இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கலாம். அந்த விசிறி நல்ல விசிறி.

ராஜத்தின் கேள்வி

ராஜினாமாக் கடிதத்தைத் துரையிடம் நீட்டினேன். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படித்தார். "மாதக் கடைசி வரை இதை மேலிடத்துக்கு அனுப்ப மாட்டேன். புத்தி வந்தால் வந்து எடுத்துக்கொள்," என்று மேசை இழுப்பறைக்குள் போட்டார். அதுவரைக்கும் விடுப்புக் கணக்கில் வைத்தும் விட்டார்.

ஆனால் குவார்ட்டர்ஸ் அதுவரை காத்திருக்கவில்லை. என் இடத்துக்கு வரவிருந்தவருக்கு வீடு வேண்டும் என்றார்கள். புக்கிட் பாருவில் பப்பாளி மரம் வைத்த அந்த வீட்டை விட்டு, காஜா பேராங்கில் பாதி வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். ராஜத்துக்கு அப்போது ஐந்தாவது மாதம். அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தெளிவு பெற்றிருப்பேன்.

தட்டுமுட்டுச் சாமான்களை இறக்கிக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"என்னங்க, அக்கம்பக்கத்துல உங்க வீட்டுக்காரரு என்ன வேலைன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

நான் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் பின்பக்கம் போனேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. மாசக் கடைசிக்குள்ள," என்றாள். அவளுக்கும் அந்த மேசை இழுப்பறை நன்றாகத் தெரிந்திருந்தது.

இரண்டு சட்டங்கள்

இலாகாவில் இருந்தவரை எனக்கு ஒரே சட்டம். வேலையைச் சோதிக்கப் போகிற இடத்தில் பச்சைத் தண்ணீர் குடிக்கக்கூடாது. ஒருமுறை செமாபோக் பக்கம் கட்டட வேலை எடுத்திருந்த ஒரு குத்தகைக்காரர் வீட்டில் எனக்குக் கூடத்தில் தலைவாழை இலை போட்டு, மீனும் கோழியும் பரிமாறி, நான் கூச்சப்படுவேன் என்று வீட்டார் அத்தனை பேரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் பசியோடு ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

வங்கியில் முதல் நாளே டான் அந்தக் கர்வத்தைப் பிடுங்கி எறிந்தார்.

"கஸ்டமர் வீட்டுல எது குடுத்தாலும் சாப்பிடு. சாப்பிடலேன்னா உன்னை போலீஸ்காரன்னு நினைப்பான், வாயைத் திறக்க மாட்டான்."

"சாப்பிட்டா அவனுக்குச் சாதகமா எழுதத் தோணுமே, சார்?"

"எழுதாதே. சாப்பிட மட்டும் செய்."

இது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. இஞ்சினியருக்கு நஞ்சாக இருந்த சோறு, இடம் மாறியதும் எப்படிக் கடமை ஆகும்? ஆனால் புது வேலை, புதுச் சட்டம். மனப்பாடம் செய்துகொண்டேன்.

பின்வாசல் வழியாக

எனக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்த தேவராஜின் வீட்டை மதிப்பிடுவது. தேவராஜ் டாக்சி ஓட்டுபவர். தம்பின் ஊருக்கும் மலாக்காவுக்கும் ஓடி ஓடி இளைத்துப்போன கார். புதுக் கார் வாங்க, வீட்டை ஈடாக வைத்துக் கடன் கேட்டிருந்தார்.

அவர் மலாக்கா செட்டி. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே வேர்விட்டவர்கள். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். தோட்டத்துத் தமிழ்ச் சனங்களை ஏற்றி இறக்கியதில் தேவராஜுக்கு மட்டும் நல்ல தமிழ் வந்திருந்தது. நான் அந்தத் தெருவுக்கு வந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. அவர்கள் பழக்கம் எதுவும் எனக்குத் தெரியாது.

ரம்புத்தான் காய்த்துச் சிவந்து கிடந்த பருவம். மதியம் எதுவும் இறங்காமல், மாலையில் வங்கியிலிருந்து நேராக அங்கே போனேன். பின்கட்டில் பெண்கள் புகைக்குள் நின்று சமைத்துக்கொண்டிருந்தார்கள். வந்த காரியத்தைச் சொன்னேன். தேவராஜின் மனைவி பார்வதி, கரண்டியைக் கீழே வைக்காமலே, "மாசோக், மாசோக். நந்தி மாக்கான்," என்றார். உள்ளே போங்கள், பிறகு சாப்பிடலாம் என்று அர்த்தம்.

செருப்பைப் பின்வாசலில் விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்ப் பழைய புத்தியில் வேலையை ஆரம்பித்தேன். தூண்களைக் கத்தியால் குத்திக் கரையான் பார்த்தேன். கட்டில்மேல் ஏறி உத்தரத்தைத் தட்டினேன். அப்படி மூழ்கிப் போனதில் வீடு அமைதியானதைக் கவனிக்கவில்லை.

வெளியே வந்தால் கூடம் இருட்டு. கதவெல்லாம் சாத்தியிருந்தது. தரையில் வரிசையாக வாழையிலைகள். சோறு, மீன் குழம்பு, கோழி, மிளகாய்ச் சம்பால், மங்குஸ்தீன், ரம்புத்தான். ஆள் ஒருவரும் இல்லை.

செமாபோக் குத்தகைக்காரர் நினைவுக்கு வந்தார். அதே இலை, அதே சாத்திய கதவு. விருந்தாளி முதலில் கை நனைக்கட்டும் என்று வெளியே காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் கால் தானாகப் போனது. டானின் சட்டம் இழுத்துப் பிடித்தது. நடுவில் இருந்த பெரிய இலை முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பக்கத்தில் ஒரு சின்ன இலை. அதில் தேங்காய்ப்பூ போர்த்திய பச்சை உருண்டைகள், ஓண்டே ஓண்டே. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் சபலம். எட்டி ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உள்ளே இருந்த வெல்லப்பாகு வெடித்து நாக்கெல்லாம் இனித்தது. இன்னொன்றையும் போட்டுக்கொண்டேன்.

பிறகுதான் மீன் குழம்பு. பிறகுதான் கதவு.

மறுபடியும் அடுப்பு

"இத்து பாப்பா பூஞா!" என்று தேவராஜின் அண்ணன் கத்தினார். அவர்கள் பேச்சில் பாப்பா என்றால் அப்பா; அது அப்பாவுடையது என்கிறார்!

அப்பா எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அந்த முட்டாள்தனத்தை என்ன சொல்ல! செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல் போட்டு, அவர்கள் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பது அவர்களின் பார்ச்சு. வருஷத்துக்கு இரண்டு முறை. இது பழப் பருவத்துப் பார்ச்சு. நான் பின்வாசல் வழியாகவே எப்போதோ போய்விட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

விஷயத்தைத் தேவராஜ் தமிழில் சொல்லி முடித்தபோது எனக்குக் கை கழுவக்கூடத் தோன்றவில்லை. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி, "தெரியாமப் பண்ணிட்டேன், தெரியாமப் பண்ணிட்டேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த பார்வதிதான் முதலில் எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பின்கட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினார்.

எல்லாவற்றையும் திரும்பச் சமைத்தார்கள். நான் தொட்ட இலையை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்க வாய் வந்தது, நல்லவேளை கேட்கவில்லை. இன்னொரு கோழி வாங்கிவர ஆள் போனது. மறுபடியும் தேங்காய் துருவினார்கள். எனக்கு வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை, இருக்கவும் முகம் இல்லை. ரம்புத்தான் மரத்தடியில் நின்றேன்.

தேவராஜ் பக்கத்தில் வந்து நின்றார். யார் யாருக்கு எந்த இலை என்று மெதுவாகச் சொன்னார். நடுவில் அப்பா. அடுத்து அம்மா, சித்தப்பா.

"அந்தச் சின்ன இலை?" என்றேன்.

"என் மக. ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போயிட்டா. மருந்து இல்ல. அவளுக்கு ஓண்டே ஓண்டேன்னா உசிரு."

நாக்கில் அந்த வெல்லம் இன்னும் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வீட்டில் ராஜம் ஐந்து மாதம். நான் அழுதேன். தேவராஜ் என் தோளைத் தட்டி, "தா அப்பா லா, சார்," என்றார். பரவாயில்லை என்பதை அவர் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

புதிதாகப் படையல் போட்டு முடித்ததும் எல்லோரும் வெளியே வந்தார்கள். தேவராஜ் மட்டும் உள்ளே நின்று இருட்டைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு கதவைச் சாத்தினார். இந்த முறை நான் கதவுக்குச் சரியான பக்கத்தில் இருந்தேன்.

கோழிக்கு ஒரு கையெழுத்து

திங்கட்கிழமை டானிடம், "வீட்டை மதிப்பிட என்னால முடியாது, சார்," என்று நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டென்று நிறுத்திக் கேட்டார்.

"எல்லாத்தையுமா திரும்ப சமைச்சாங்க?"

"எல்லாத்தையும். கோழிகூடப் புதுசு."

"செத்தவங்க வந்து கோழி பழசுன்னு கேக்கவா போறாங்க?"

"கேக்க மாட்டாங்க."

"அப்போ வீடு வேணாம் லா. காரையே ஈடா வெச்சுக்கலாம்," என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தேவராஜுக்குக் கடன் கிடைத்ததில் சந்தோஷம்தான். ஆனால் இது என்ன கணக்கு? ஒரு கோழியை வைத்துக் கடன் கொடுக்கலாம் என்றால், நான் குத்திப் பார்த்த தூண்களுக்கு என்ன மரியாதை? பாலத்தை இப்படிக் கட்டினால் முதல் மாட்டு வண்டியிலேயே இடிந்து விழும். எனக்கு இந்த வேலை ஆகாது என்று அன்றே முடிவு செய்தேன். தேவராஜ் விஷயத்தில் டான் சரியாகத்தான் கணித்தாரா என்று கேட்பீர்கள். அது வாடிக்கையாளர் விஷயம், வெளியே சொல்லக்கூடாது.

பழைய டாக்சியில்

மாதத்தின் கடைசி நாள். கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வெயிலில் பழைய ஆபீசைப் பார்த்து நடந்தேன். ராஜத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே நடந்தபோது பக்கத்தில் ஒரு டாக்சி இருமிக்கொண்டு நின்றது. புதுக் கார் வந்து சேரும்வரை தேவராஜ் பழையதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க சார். எங்க?"

"பழைய ஆபீசுக்கு."

"எதுக்கு?"

"பேங்க விட்டுர்றேன், தேவராஜ். திரும்ப இஞ்சினியர் வேலைக்கே போறேன்."

வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

"தா போலே, சார். முடியாது."

"ஏன் முடியாது?"

"அன்னைக்குக் கதவ சாத்துறதுக்கு முன்னால பாப்பாகிட்ட சொல்லிட்டேன். 'உங்க சாப்பாட்ட சாப்பிட்டது பேங்க் ஆளு, அவருக்கு நம்ம அடாட், பழக்கமெல்லாம் தெரியாது, கோவிச்சுக்காதீங்க'ன்னு. இப்ப நீங்க இஞ்சினியர்னா என்ன அர்த்தம்? பாப்பா பாக்க வந்தா பேங்க்குலதான தேடுவாரு? அங்க நீங்க இல்லேன்னா நான் பொய் சொன்னவன் ஆயிடுவேன்ல?"

"மாத்திச் சொல்லிருங்களேன்."

"எப்படி? அடுத்த பார்ச்சு போகிக்குத்தான். அப்பத்தான் வருவாங்க."

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"உங்க மககிட்டயும் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"அவகிட்டயும்தான். 'பேங்க் மாமா தெரியாம எடுத்துட்டாரு, உனக்கு வேற செஞ்சிருக்கு'ன்னு சொன்னேன்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எதிரே நெடுஞ்சாலை, அதன் கடைசியில் என் ஆபீஸ், அதற்குள் ஒரு மேசை, மேசை இழுப்பறைக்குள் என் கடிதம். அப்பாவின் ரயில்வே முகம் வேறு கண்முன் வந்து போனது.

"போகி வரைக்கும் இருங்க, சார். அப்புறம் உங்க இஷ்டம்," என்றார் தேவராஜ்.

"வண்டியத் திருப்புங்க," என்றேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ராஜம் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன வேலைன்னு கேட்டா பேங்க் ஆளுன்னு சொல்லு. போகி வரைக்கும்," என்றேன். அவளுக்குப் புரிந்ததா தெரியாது. எனக்கே புரியவில்லை.

கதவுக்கு வெளியே

போகி வருவதற்குள் துரை கப்பல் ஏறிவிட்டார். கொடி மாறியது. என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார். ஆனாலும் வேறு ஊர்களில் ஆள் தேவைப்பட்டது, மனம் இருந்தால் இஞ்சினியராகத் திரும்ப வழி இருந்தது. அந்தக் கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

போகியன்று எங்களையும் கூப்பிட்டார்கள். ராஜம் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். என்னிடம் அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அண்ணன்கூட "மாக்கான் சினி," இங்கே சாப்பிடுங்கள் என்றார். இலைகள் போட்டாயிற்று. தேவராஜ் ஒரு கையைக் கதவில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன சார், இப்ப சொல்லிரவா? இஞ்சினியர்னு?"

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்களும் காத்திருந்திருப்பார்கள். நான் வழக்கம்போல முடிவெடுக்கத் தெரியாமல் ராஜத்தைப் பார்த்தேன்.

"பேங்க் ஆளாவே இருக்கட்டும் அண்ணே," என்றாள் ராஜம். "சாப்பாடு ஆறுது, பாவம்."

முடிந்தது விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தேன். வாசகர் கேட்ட கேள்விக்கு இதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

அன்று ஆரம்பித்த பழக்கம் ஒன்று அந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. கதவைச் சாத்துவதற்கு முன், இருட்டுக் கூடத்தைப் பார்த்து யாராவது சத்தம் கொடுப்பார்கள்: "ஓராங் பேங்க் அடா டாலாம்?" பேங்க் ஆள் உள்ளே இருக்கிறாரா? வெளியே இருந்து நான் பதில் சொன்ன பிறகுதான் சாத்துவார்கள். பிள்ளைகளுக்கு அதில் அப்படி ஒரு சிரிப்பு.

இந்தப் போகிக்கும் போயிருந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கூடத்தில் ஓர் இலை கூடியிருந்தது. அது தேவராஜுக்கு. சின்ன இலைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள்.

அவருடைய மருமகள் கதவில் கை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்தாள்.

உள்ளே இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று எழுந்து நின்று, கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"பேங்க் ஆளு வெளியதான் இருக்கேன், தேவராஜ்! நீங்க சாப்பிடுங்க!"